வெள்ளைப் போன், கறுப்புப் போன்

சிதம்பரம்
27.6.2025

அண்ணனுக்கு அறிவுமதி எழுதுவது.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. அதனால்தான் காகிதம். நீயும் காகிதத்தில்தான் பதில் எழுத வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்டதை யாரும் அழித்துவிட முடியாது.

அப்பாவுக்கு வலது கை இன்னும் வரவில்லை. காலை இழுத்து இழுத்து நாலடி வைக்கிறார். பேச்சு சுத்தமாக இல்லை. நாம் பேசுவது அவருக்கு முழுதாகப் புரிகிறதா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. நான் டூட்டிக்குப் போகும் நேரத்தில் மங்கலம் அக்கா என்று ஒருவர் வந்து பார்த்துக்கொள்கிறார்.

நேற்று அப்பாவின் துணிமணி எடுக்க மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் மாமா அப்பாவின் வெள்ளைப் போனைக் கொடுத்தார். "விழுந்து கெடந்தப்ப கைக்குப் பக்கத்துலயே இருந்துச்சும்மா. ஆராச்சும் அடிப்பாங்கன்னு டெய்லி சார்ஜ் போட்டு வெச்சிருந்தேன்" என்றார். பஸ்ஸில் உட்கார்ந்து அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஜூன் 11, புதன்கிழமை. காலை 8.19க்கு உனக்கு அடித்திருக்கிறார். நீ எடுக்கவில்லை. 8.20க்கு மறுபடி அடித்திருக்கிறார். எடுத்திருக்கிறாய். ஒரு நிமிடம் நாற்பத்தொரு நொடி பேசியிருக்கிறாய். அப்புறம் 8.24, 8.31. இரண்டையும் நீ எடுக்கவில்லை.

கண்ணாயிரம் மாமா கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவரைப் பார்த்தது அன்றைக்கு ஒன்பதரை மணிக்கு. மஞ்சக்குப்பத்திலிருந்து அங்கே போக உனக்கு அரை மணி நேரம். நீ போகவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நம் எல்லாரையும் பார்த்து, "கடைசியா எப்ப நல்லா பேசினாரு? நேரம் தெரிஞ்சாதான் ஊசி போடுறதா வேணாமான்னு முடிவு பண்ண முடியும்" என்று கேட்டார். செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்ததாக மாமா சொன்னார். நீ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நேரம் தாண்டிவிட்டது என்று ஊசி போடவில்லை.

நான் நர்ஸ். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் அந்த ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். எட்டு இருபதுக்குப் பேசினேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டிருப்பார்கள்.

அந்த ஒரு நிமிடம் நாற்பத்தொரு நொடியில் என்ன பேசினீர்கள்? அதை மட்டும் எழுது.

அறிவுமதி


மஞ்சக்குப்பம், கடலூர்
2.7.2025

தங்கை அறிவுமதிக்கு,

27ஆம் தேதியிட்ட உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அதன் மீதான என் பதில் பின்வருமாறு. (ஆபீஸ் பழக்கம், கோபித்துக்கொள்ளாதே.)

புதன்கிழமை காலை அப்பாவிடமிருந்து எனக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். என் போனில் அன்றைக்குக் காலையில் இருப்பது இரண்டே இரண்டு. 07:05க்குப் பால்காரர். 09:38க்குக் கண்ணாயிரம் மாமா. நடுவில் ஒன்றுமில்லை. எட்டு இருபதுக்கு நான் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட.

நீ எழுதியிருப்பது எனக்கு விளங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் கோளாறு போனில் இருக்கலாம் என்று படுகிறது. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, உனக்கு நினைவிருக்கும். எட்டு வருஷம் முன்னால் எனக்கு வேலை நிரந்தரமான மாதம், திருப்பாதிரிப்புலியூரில். அப்பா வெள்ளையைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை மாற்றலாம், இரண்டு சிம் போடலாம், எஃப்.எம். சத்தமாகக் கேட்கும். நான் கறுப்பை எடுத்தேன். கேமரா நன்றாக இருந்தது, விரல் வைத்தால் திறந்தது, மெமரியும் இரண்டு பங்கு. ஆனால் பேட்டரியைக் கழற்ற முடியாது. கண்ணாடி விரிசல் விட்டும் நான் இன்னும் அதையே வைத்திருக்கிறேன். இப்போது வெள்ளையில் வாட்ஸ்அப் ஓடாது. கறுப்பில் ஓடுகிறது, இழுத்து இழுத்து. என்னுடையது மணியைத் தானாகவே எடுத்துக்கொள்ளும், இருபத்து நாலு மணிக் கணக்கில் காட்டும். அப்பாவுடையதில் அதெல்லாம் சரியாக வேலை செய்யாது.

அத்தனை பழைய போனை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்கலாமா என்று நீ யோசிக்க வேண்டும்.

அப்பாவுக்குப் பிடிக்கும் என்று ஆரஞ்சு மிட்டாய் அனுப்பலாமா? விழுங்க முடிகிறதா?

அன்பரசு


சிதம்பரம்
6.7.2025

அண்ணனுக்கு,

தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தபால்காரர் எங்கள் தெருவுக்கு வந்து சேர மூன்று நாள் ஆகியிருக்கிறது. நான் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த கடிதத்தில் பாதிக்கு மேல் போனின் ஜாதகம்.

கேமரா எத்தனை நல்ல கேமரா என்று நான் கேட்டேனா? அப்பா உயிரோடு கிடந்து உனக்கு நாலு முறை அடித்திருக்கிறார். அவர் போனில் இருக்கிறது, உன் போனில் இல்லை. இரண்டில் ஒன்று பொய். பழைய போனுக்கு மெமரி குறையலாம், வாட்ஸ்அப் நிற்கலாம். இல்லாத அழைப்பை, அதுவும் நாற்பத்தொரு நொடி என்று கணக்காக, அது எங்கிருந்து உண்டாக்கும்?

உன் போனில் அழைப்பை அழிக்க முடியும்தானே? ஒன்றை மட்டும் அழுத்திப் பிடித்து எடுத்துவிடலாம். நீ செய்யவில்லை என்றால் அண்ணி செய்திருக்கலாம். நீ குளிக்கப் போன நேரத்தில் அண்ணி எடுத்துப் பேசினார்களா? மாமனார் தொல்லை என்று வைத்துவிட்டார்களா? இப்படிக் கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ என்னை எல்லாவற்றையும் கேட்க வைக்கிறாய்.

விழுங்க முடியாது. கஞ்சியை வடிகட்டி ஸ்பூனால் கொடுக்கிறோம். மிட்டாய் அனுப்பாதே.

அறிவுமதி


மஞ்சக்குப்பம்
11.7.2025

அறிவு,

பிரீதாவை இதில் இழுக்காதே. அவளுக்கு என் போனைத் திறக்கவே தெரியாது, என் விரல்தான் வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் மடித்து வைத்தாள். சமையலறையில் போய் நின்றுகொண்டாள். அப்புறம் வந்து, "நான் எடுத்திருந்தா ஓடியிருப்பேங்க. உங்க தங்கச்சிகிட்ட அத மட்டும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

என் போனில் எதுவும் அழிக்கப்படவில்லை. கறுப்புப் போனில் ஐந்நூறு அழைப்புவரை தானாக நிற்கும் என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெள்ளையில் நூறோ என்னவோ. ஜனவரியில் வெள்ளையின் பேட்டரி உப்பிப்போய் நான்தான் புதிது மாற்றிக் கொடுத்தேன். பேட்டரியைக் கழற்றினால் அதன் உள்ளே என்னென்ன மாறுமோ, யார் கண்டது? அதற்கப்புறம் அலாரம் சரியாக அடிப்பதில்லை என்று அப்பா இரண்டு முறை சொன்னார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உன்னோடு சேர்ந்து எனக்கும் தலை சுற்றுகிறது. ஆபீஸில் ஒரு கோப்பில் தேதியைத் தப்பாகப் போட்டு மெமோ வாங்கினேன். இந்தப் போன் பேச்சை இத்துடன் விட்டுவிடலாமா? போனது போகட்டும், இனி அப்பாவுக்கு என்ன செய்வது என்று பார்க்கலாம். உன்னிடம் சொல்ல வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. அதை எழுத வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

அன்பரசு


சிதம்பரம்
16.7.2025

அண்ணனுக்கு,

நேரில் வேண்டாம். எழுது. என்ன எழுத வேண்டும் என்பது எனக்கு நேற்றுப் பாதி தெரிந்துவிட்டது.

அப்பா பாட்டுக் கேட்கட்டும் என்று வெள்ளைப் போனில் எஃப்.எம். போட்டு அவர் தலைமாட்டில் வைத்திருந்தேன். நேற்று எனக்கு ஓய்வு நாள். பகல் பன்னிரண்டே காலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அந்தப் போனைப் பார்த்து நோட்டில் தேதி எழுதினேன். 16, புதன் என்று. மங்கலம் அக்கா எட்டிப் பார்த்து, "என்னாம்மா, இன்னிக்கு செவ்வாக்கெழமைதானே? ராத்திரி டூட்டி ஜாஸ்தியாப் பாத்துப் பாத்து நாளே மறந்துடுச்சா?" என்று சிரித்தார்.

நான் மறக்கவில்லை. போன் அப்படித்தான் காட்டியது. காலையில் பார்த்தபோது செவ்வாய் என்று சரியாக இருந்தது. பகல் பன்னிரண்டுக்குத் தேதி மாறியிருக்கிறது. முகப்பில் 12.15 என்று மட்டும்தான் இருக்கும், காலையா மாலையா என்று இருக்காது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். நல்ல வெயில் நேரத்தை அது நள்ளிரவு என்கிறது. பன்னிரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அண்ணா.

ஒரு முறைக்கு மூன்று முறை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எனக்குக் கணக்கு வராது, உனக்குத் தெரியும். இந்தப் போனில் புதன் காலை 8.20 என்றால் உண்மையில் அது செவ்வாய் இரவு 8.20. நீ அழித்தாயோ என்று கேட்ட அழைப்பு உன் போனில் அதற்கு முந்தின நாளிலேயே இருக்கிறது. இருபது மணி இருபது நிமிடம் என்று. நீ செய்த சத்தியமும் சரிதான். புதன் காலையில் வரவில்லை.

அப்படியானால் உன் முதல் கடிதத்திலேயே செவ்வாய் இரவு பேசினேன் என்று ஏன் எழுதவில்லை? மெமரியும் கேமராவும் எழுதினவனுக்கு அது நினைவில்லையா?

ஊசி விஷயத்தில் நான் உன்னைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அதை ஒத்துக்கொள்கிறேன். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்திருக்கிறது. செவ்வாய் இரவு அப்பா என்ன சொன்னார்?

அறிவுமதி


மஞ்சக்குப்பம்
19.7.2025

அறிவு,

பிள்ளை தூங்குகிறான். பிரீதா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். அப்பா சொன்னதை அவளுக்கு இன்று காலையில் சொல்லிவிட்டேன். இப்போது உனக்கு.

அன்றைக்குப் பிரீதாவின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதல் முறை அடித்தபோது கை எச்சில். இரண்டாம் முறை பிரீதாதான் என் காதில் வைத்தாள்.

அப்பாவுக்கு என் பேரே வரவில்லை. "அம்ம்பு, அம்ம்பு" என்றார். நாக்கு குழறியது. அம்மா போன பிறகு அவர் எப்படி இருந்தார், எத்தனை முறை குடித்துவிட்டு இப்படிப் போன் அடித்து அழுதிருக்கிறார் என்று உனக்குத் தெரியும். விட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மறுபடி தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். "என்னாப்பா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றேன்.

"இல்லடா... கையி... கையி..." என்றார்.

"கையில கிளாஸு இருக்குதா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன், அறிவு. விருந்தாளிகள் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான். பிறகு, "பாப்பாகிட்ட... சொல்லாத" என்றார். அதுதான் எனக்கு முடிவாகப் பட்டது. குடித்திருக்கிறார், உனக்குத் தெரியக்கூடாது என்று கெஞ்சுகிறார் என்று. "சரி சரி, சொல்லல. போயி படு. நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனைச் சைலன்ட்டில் போட்டேன். அப்புறம் இரண்டு முறை அடித்திருக்கிறார். நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது காலண்டரில் என்ன படம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

உன் முதல் கடிதம் வந்த அன்றே போனில் பார்த்தேன். அதே ஒரு நிமிடம் நாற்பத்தொரு நொடி. நீ புதன் காலை என்கிறாய், என் போன் செவ்வாய் இரவு என்கிறது. உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை. ஒருவேளை காலையிலும் அடித்தாரோ, வராமல் போனதோ, அதே நாற்பத்தொரு நொடி இரண்டு முறை வருமோ என்று குழம்பினேன். ஆனால் அந்தக் குழப்பம் எனக்கு வசதியாகவும் இருந்தது. அது தெளியாமல் இருக்கத்தான் போன் கதை எழுதினேன்.

மணியைத் தப்பாக வைத்தவனும் நான்தான். ஜனவரியில் பேட்டரி மாற்றிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கையால் வைத்தேன். அதில் பிற்பகல் என்று இருந்ததைப் பார்க்கவில்லை. அவசரம். அவரிடம் எனக்கு எப்போதும் அவசரம்தான்.

அன்பரசு


சிதம்பரம்
10.8.2025

அண்ணனுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் உன்னைத் திட்டியிருந்தேன். முதலில் திட்டியது ரொம்ப நன்றாக வந்திருந்தது.

கிழித்ததற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைப் போனின் பட்டியலை எடுத்த அன்றே ஒன்றைப் பார்த்தேன், உனக்கு எழுதவில்லை. உன் பேர் நாலு முறை இருந்தது. என் பேர் ஒரு முறைகூட இல்லை. கை மரத்துப்போய் நாக்கு குழறும்போது, நர்ஸாக இருக்கும் மகளுக்கு ஏன் அடிக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். என் நம்பரைத் தேட முடியவில்லை போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"பாப்பாகிட்ட சொல்லாத" என்று நீ எழுதியதைப் படித்த பிறகு சமாதானம் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் நான் அவர் வாசலில் நின்று, "இன்னொரு வாட்டி குடிச்சா இந்த வாசப்படிய மெதிக்க மாட்டேன், செத்தாலும் வர மாட்டேன்" என்று கத்தினேன். தெருவே கேட்டது. தன் குரல் தனக்கே குடிகாரன் குரல் மாதிரிக் கேட்டிருக்கும். அந்தக் குரலோடு எனக்கு அடிக்க அவருக்குப் பயம். உனக்குப் பயப்படவில்லை. அதனால் உனக்கு அடித்தார்.

போன வாரம் அவரிடமே கேட்டேன். "அன்னிக்கு குடிச்சிருந்தீங்களாப்பா?" ஆமாம் என்று தலையாட்டினார். சற்றுப் பொறுத்து, "குடிக்கலதானேப்பா?" என்றேன். அதற்கும் ஆமாம் என்று தலையாட்டினார். மங்கலம் அக்கா, "இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா, திங்கக்கெழமையா?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம். ஆமாமும் இல்லையும் அவருக்குள் கலந்துபோயிருக்கிறது, சரியாக நாளாகும் என்கிறார் டாக்டர். அந்த இரவு என்ன நடந்தது என்பது நமக்கு இதற்கு மேல் தெரியப்போவதில்லை.

18ஆம் தேதி திங்கள் முதல் வியாழன்வரை மங்கலம் அக்கா வர மாட்டார். மகளுக்குப் பிரசவம். எனக்கு லீவு இல்லை. நீ லீவு போட்டுவிட்டு வா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே, எனக்கு அதைப் பற்றி இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. ஆள் வேண்டும், அதனால் கூப்பிடுகிறேன்.

சவர சாமான் கொண்டு வா. இரண்டு மாதத் தாடி. நான் கை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அண்ணியிடம் நான் எழுதியதற்கு வருத்தம் என்று சொல். வேண்டாம், அதை நானே அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அறிவுமதி


மஞ்சக்குப்பம்
24.8.2025

அறிவு,

நாலு நாள் உன் வீட்டில் இருந்தேன். காலையில் நீ போவாய், சாயங்காலம் வருவாய். "சாப்பிட்டாரா?", "மாத்திரை குடுத்தியா?" இவ்வளவுதான் பேசினோம். எதிரெதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டபோதும் வாயைத் திறக்க முடியவில்லை. எனவே இதையும் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு நாள் அவர் என்னிடமும் முகத்தைக் கொடுக்கவில்லை. குளிப்பாட்டும்போது சும்மா இருந்தார். பிளேடை எடுத்தால் திரும்பிக்கொண்டார். புதன்கிழமை காலையில் நீ போன பிறகு ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார வைத்தேன். என்ன நினைத்தாரோ, தாடையைத் தூக்கிக் காட்டினார்.

இடது பக்கம் சுலபமாக முடிந்தது. வலது கன்னம் தொங்கிப் போயிருக்கிறது, நீ தினமும் பார்க்கிறாய். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மழிக்க வேண்டியிருந்தது. அத்தனை கிட்டத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னேன். "அப்பா, அன்னிக்கு ராத்திரி நீ கையி கையின்னு சொன்ன. நான் சிரிச்சேன். நீ குடிச்சிருக்கேன்னு நெனச்சி வெச்சிட்டேன். அப்புறம் நீ அடிச்சத நான் எடுக்கல" என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாயசம் பரிமாறினதுவரை சொன்னேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டவில்லை, ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. புரிந்ததா என்று கேட்டேன். அதற்கும் அசையவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டுப் பிளேடைக் கழுவப் போனேன். அப்போது இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். திரும்பினேன். கையை மெல்லத் தூக்கித் தன் தாடைக்குக் கீழே, தொண்டை மடிப்பில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே நாலைந்து மயிர் மிச்சம் இருந்தது. நான் விட்டுவிட்டேன்.

மறுபடி சோப்பு போட்டு, அவசரப்படாமல் அதை மழித்தேன்.

அன்பரசு